டன் கூட்டினால் சுகம் கூடாது

அக்னி நட்சத்திரம் நெருங்கும்போது மாதனூர்க்காரர்கள் ஏசி வாங்க ஆம்பூருக்கோ வேலூருக்கோ போகிறார்கள். ஒரு டன் ஏசி ஓய்ந்துபோன இடத்தில் ஒன்றரை டன் வருகிறது. ஒன்றரை இருந்த இடத்தில் இரண்டு. “ஒரு சைஸ் பெரிசாவே போட்டுடுங்க, சீக்கிரம் குளிரும், கரண்டும் மிச்சம்” என்பதை விற்பவரும் நம்புகிறார், வாங்குபவரும் நம்புகிறார். இந்த நம்பிக்கை தவறு. வீண் செலவு மட்டுமில்லை, எந்தச் சுகத்துக்காகப் பணம் கட்டினார்களோ அதையே இது கெடுக்கிறது.

ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்துக்குத்தான் ஒரு டன் என்று பெயர். வாட் கணக்கில் சுமார் 3,500. உள்ளே வரும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுவதே ஏசியின் வேலை என்பதால், அறைக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. கடையில் கேட்பதோ எத்தனை சதுர அடி என்று மட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்வோம். மேலே இன்னொரு மாடி இருந்தால் அதற்குக் கூரை வெயில் கிடையாது. அதே அறை மொட்டை மாடிக்குக் கீழே இருந்தால் கதை வேறு. மே மாத மதியத்தில் வெறும் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். அத்தகைய தளம், உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 3 வாட் கடத்தும். பதினொரு சதுர மீட்டருக்கும் கணக்குப் போட்டால் 1,000 வாட்டை ஒட்டி வருகிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டன். மேற்கு பார்த்த கண்ணாடி ஜன்னலில் திரைகூட இல்லாவிட்டால் சாயங்கால வெயில் இன்னும் சில நூறு வாட்டைச் சேர்க்கும். ஆக, சதுர அடி ஒன்றேயானாலும் இரண்டு அறைகளின் தேவையில் அரை டன் அளவுக்கு வித்தியாசம் வரலாம். குளிர்நாடுகளில் சுடுநீர் ரேடியேட்டரை மாற்றும்போது, முறையாகச் செய்பவர்கள் எந்தச் சுவர் வெளியே பார்க்கிறது, ஜன்னல் எவ்வளவு என்று அறைக்கு அறை வாட் கணக்குப் போட்டே அளவு சொல்கிறார்கள். அங்கே வெளியேறும் வெப்பம், இங்கே உள்ளே வரும் வெப்பம், கணக்கு ஒன்றுதான்.

அளவு மீறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஈரம் போகாது. ஏசியின் உள் காயில் நன்றாகக் குளிர்ந்து, அதில் காற்றின் ஈரம் முத்து முத்தாகத் திரண்டு, டிரெயின் பைப் வழியாகச் சொட்டத் தொடங்கவே சில நிமிடங்கள் பிடிக்கும். பெரிய மெஷின் அதற்குள் அறையைக் குளிரவைத்துவிட்டு கம்ப்ரசரை நிறுத்திக்கொள்கிறது. ஃபேன் மட்டும் ஓட, காயிலில் ஒட்டிய நீர் மறுபடி அறைக்கே ஆவியாகத் திரும்புகிறது. ஐப்பசி மழை இரவில் கவனித்தால் தெரியும்: தெர்மாமீட்டர் 24 காட்டும், படுக்கை விரிப்பு பிசுபிசுக்கும். தோல் பதனிடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஈரக் காற்றில் தொங்கவிட்ட தோல் எவ்வளவு மெதுவாகக் காயும் என்று டேனரியில் எல்லோருக்கும் தெரியும். உடம்பு வேர்வையும் அப்படித்தான். புழுக்கம் தாங்காமல் ரிமோட்டில் இன்னும் இரண்டு டிகிரி இறக்குகிறார்கள். இரண்டு மாத மின் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்டுகளுக்கும் சேர்த்துக் கட்டணம் ஏறுகிறது. மிச்சமாகும் என்று வாங்கியதன் பலன் அது.

இன்வெர்ட்டர் ஏசி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமே என்பது வலுவான மறுப்பு. குறைத்துக்கொள்ளும், ஒரு அளவு வரை. அதற்குக் கீழே போக முடியாதபோது அதுவும் நின்று நின்று ஓடும். பெரிய மெஷினின் அந்தக் கீழ் எல்லையே பெரும்பாலும் உயரத்தில்தான் இருக்கும். சீக்கிரம் குளிரும் என்பது உண்மை. ஆனால் எட்டு மணி நேரத் தூக்கத்தில் முதல் பத்து நிமிடத்துக்காக மெஷினைத் தேர்ந்தெடுப்பது என்ன கணக்கு? அதைவிட, பகலெல்லாம் வெயிலைக் குடித்த தளம் இரவு வெகுநேரம் வரை அனலைக் கீழே இறக்கிக்கொண்டே இருக்கிறது. காற்று குளிர்ந்தாலும் கட்டிலில் படுத்திருப்பவரின் முகத்தில் அது படுகிறது. டன் கூட்டுவதால் அந்த அனல் எளிதில் போகாது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி மேலே தட்டு ஓடு பதிக்கும் வழக்கம் இங்கே பழையது. இன்று பல வீடுகள் அதை விட்டுவிட்டன. மத்திய அரசின் குடியிருப்புக் கட்டட எரிசக்தி விதித்தொகுப்பான ‘எகோ நிவாஸ் சம்ஹிதா 2018’ வீட்டுக் கூரைக்கு விதித்த உச்சவரம்பு, சதுர மீட்டருக்கு டிகிரிக்கு என்ற அதே கணக்கில், 1.2 வாட்; வெறும் தளம் கடத்துவதோ அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். தளத்தில் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கும் செலவு, ஒரு டன்னுக்கும் ஒன்றரை டன்னுக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும்.

ஒரு மறுப்பை மட்டும் ஏற்கத்தான் வேண்டும். லேபிளில் போட்டிருக்கும் திறன் வெளிவெப்பம் 35 டிகிரியில் அளந்தது. வேலூர் வெயில் 42ஐத் தொடும் நாளில் அதே மெஷின் அவ்வளவு தராது. ஆகவே மேற்கு பார்த்த மேல்மாடி அறைக்கு, தளத்தையும் ஜன்னலையும் சரிசெய்த பிறகும் கணக்கு ஒரு டன்னைத் தாண்டினால், ஒன்றரை வாங்குவது நியாயம். அதே வீட்டின் கீழ்த்தள அறைக்கும் கேள்வி கேட்காமல் அதையே மாட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.