வெற்றுப் புலமும் விளங்கும் படமும்

கண்ணாற் கண்டதே மெய் என்பது உலக வழக்கு. ஆயின் நுணுக்குக்காட்டியின் வழியாகக் கண்டதை மெய்யெனக் கொள்ளுமுன், அதன்மேல் விழுந்த ஒளி எத்தகையது என வினவுதல் வேண்டும். இன்று மாணவர் பலர் கைத்தொலைபேசியைப் பார்வைத்துண்டின்மேற் பொருத்திப் படம் பிடிக்கின்றனர்; அப்படங்களைக் கொண்டே அளவும் ஒப்பும் கூறத் துணிகின்றனர். நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் இருளுமாக அமைந்த படத்திலிருந்து பெறும் முடிவு எங்ஙனம் நேரியதாகும்?

கொஸ்லந்தையைச் சூழ்ந்த ஊவா மலைநாட்டில் இஃது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1869 இல் இலங்கையில் இனங்காணப்பட்டுக் காப்பிப் பயிரைப் பாழாக்கிய துருநோய்க்குக் காரணம் நுண்ணிய பங்கசு ஒன்றே. 1880 இல் இங்கு வந்த மார்ஷல் வார்ட், கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைக் காற்றில் வைத்து, அதன் வித்திகள் காற்றினாற் பரவுதலைக் கண்டறிந்தார். காப்பிக்குப் பின் தழைத்த தேயிலையையும் 1946 இல் கொப்புள நோய் பற்றியது. இலையிலுள்ள கறை நோயோ நிழலோ எனத் தெளிதல், கொழுந்தை நம்பி வாழும் மக்களுக்கு வாழ்வொடு பட்ட காரியம்.

ஒளியைச் சீர்செய்தலே முதற் கடன். 1893 இல் ஜெர்மானிய அறிஞர் ஒகஸ்ட் கேலர், விளக்கின் உருவம் பொருளின்மேல் விழாது ஒளி சமமாகப் பரவும் முறையை வகுத்தார். ஒடுக்கியை நடுப்படுத்தி அம்முறையைக் கைக்கொண்ட பின்னும் எஞ்சும் குறையையே கணக்கினால் நீக்குதல் தகும்.

அக்கணக்கு எளிது. ஒளியளவையும் குவியத்தையும் மாற்றாது மூன்று படங்கள் எடுக்க வேண்டும்: பொருளின் படம் ஒன்று, பொருளற்ற வெற்றுப் புலத்தின் படம் ஒன்று, ஒளியை முற்றாக மறைத்த இருட்படம் ஒன்று. முதலிரண்டிலிருந்தும் இருளின் அளவைக் கழித்து, பொருளின் படத்தை வெற்றுப் புலத்தால் வகுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இருள் 10. வெற்றுப் புலம் நடுவில் 210, ஓரத்தில் 110. பொருள் நடுவில் 110, ஓரத்தில் 70 எனக் கொள்வோம். நடுவில் 100 ஐ 200 ஆல் வகுக்க 0.5, ஓரத்தில் 60 ஐ 100 ஆல் வகுக்க 0.6. இருண்டு தோன்றிய ஓரமே உண்மையில் மிகுந்த ஒளியை விடுகின்றது! கண் கூறியதைக் கணக்கு மறுத்துவிட்டது.

"வெற்றுப் படம் எதற்கு? கணினியே பின்னணியை ஊகித்துச் சமன் செய்யுமே" என்பார் உளர். ஊகம் ஊகமே. இலையில் அகன்று பரந்த நோய்க்கறையையும் அது நிழலென எண்ணி அழித்துவிடக்கூடும். வெற்றுப் படமோ கருவியின் குறையை மட்டுமே அறியும். பொருளின் இயல்பைத் தீண்டாது. எனினும் அதற்கும் எல்லையுண்டு. ஒளி மிகுந்து முற்றும் வெளுத்த இடத்தை எக்கணக்கும் மீட்காது. வில்லையையோ ஒடுக்கியையோ மாற்றினால் வெற்றுப் படத்தைப் புதிதாக எடுத்தல் வேண்டும். தொலைபேசி தானே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தலையும் நிறுத்துதல் வேண்டும்.

ஆகவே பழைய மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் ஒன்று கூற விழைகின்றேன். விழா நினைவாக ஆய்கூடத்திற்குக் கருவிகள் வழங்குதல் நன்றே. அவற்றோடு பொருட்செலவில்லாத ஒரு விதியையும் வழங்குவோம்: வெற்றுப் படமும் இருட்படமும் உடன் இணைக்கப்படாத எந்தப் படத்திலிருந்தும் அளவு கூறலாகாது. கணக்கிடுதற்கு இமேஜ்-ஜே போன்ற இலவச மென்பொருள்கள் உள. விலையுயர்ந்த கருவி இல்லாத தோட்டப்புறப் பாடசாலையும் இவ்விதியைக் கைக்கொள்ளலாம். தன் கருவியின் குறையை முதலில் அளந்தறிந்து, பின்னர்ப் பிறிதொன்றைப் பற்றித் தீர்ப்புக் கூறும் மாணவனே விஞ்ஞானக் கல்வியின் பயனைப் பெற்றவனாவான்.