பொள்ளாச்சி வீடியோவைத் தேடியவர்கள்

2019 மார்ச் மாதம். பொள்ளாச்சியில் ஒரு கும்பல் பெண்களிடம் நட்பாகப் பழகி, வரவழைத்து, வன்கொடுமை செய்து, அதைச் செல்போனில் படம்பிடித்து மிரட்டிவந்த செய்தி வெளியாகியிருந்தது. ஒரு பெண் கதறும் சில விநாடிக் குரலைத் தமிழ்நாடே கேட்டது. நான் இருந்த வாட்சப் குழுவில் அன்றைக்கு ஒரே கொந்தளிப்பு. தூக்கில் போட வேண்டும், நடுரோட்டில் சுட வேண்டும் என்று எழுதிக்கொண்டிருந்தோம். அதே குழுவில், அதே இரவில், ஒருவன் கேட்டான்: "முழு வீடியோ யார்கிட்டயாவது இருக்கா மச்சான்?" யாரும் அவனைத் திட்டவில்லை. நானும் திட்டவில்லை.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் அந்த வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஆறு வருட அலைக்கழிப்பிலும் அந்தப் பெண்கள் பிறழாமல் சாட்சி சொன்னார்கள். தீர்ப்பு வந்த நாளில் எல்லாரும் கொண்டாடினோம். படமெடுத்தவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அதைப் பார்க்கத் தேடியவர்கள் பற்றி யாரும் பேசவில்லை. அதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

ஆபாசப் படம் என்று வாயைத் திறந்தாலே நம் தோழர்களுக்குக் கலாச்சாரக் காவலர்கள் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். நியாயம்தான். 2018இல் ஒன்றிய அரசு 827 தளங்களை முடக்கச் சொன்னது. அந்த முடக்கத்தால் எந்தப் பெண்ணுக்கும் எதுவும் ஆகவில்லை, ஆண்கள் விபிஎன் போடக் கற்றுக்கொண்டதைத் தவிர. காவலர்களின் கவலை நிர்வாணம். அதற்கு எதிராக நாம் "அது தனிமனித விருப்பம்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். யாருடைய விருப்பம்? பார்க்கிறவனுடையதா, படத்தில் இருக்கிறவளுடையதா?

நான் பிளஸ் டூ படித்த காலத்தில் சீர்காழி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய செல்போன் கடைகளில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவார்கள். இருபது ரூபாய். தெரிந்த பையன் என்றால் கூடவே "அதுவும்" வரும். நடிப்பவர்கள் நடித்த வெளிநாட்டுப் படங்களும் இருக்கும், குளியலறையில், லாட்ஜில், திருட்டுத்தனமாக எடுத்தவையும் இருக்கும். எங்களுக்கு மவுசு இரண்டாவது வகைமேல்தான். "ஒரிஜினல்டா" என்போம். ஒரிஜினல் என்றால் என்ன பொருள் என்று பல வருடம் கழித்துத்தான் யோசித்தேன். அந்தப் பெண்ணுக்குக் கேமரா இருப்பது தெரியாது என்று பொருள். அவளுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அதன் ருசி. பள்ளிக்கூடத்தில் இனப்பெருக்கப் பாடத்தை "வீட்டில் படிச்சுக்குங்க" என்று தாண்டிப்போன பிறகு, எங்களுக்குக் கிடைத்த ஒரே பாலியல் கல்வி அந்த மெமரி கார்டு. சம்மதம் என்ற ஒன்று இருப்பதாகவே அது சொல்லித் தரவில்லை.

அந்தப் படங்களுக்கு வைக்கும் தலைப்புகளைப் பாருங்கள். வேலைக்காரி, சித்தாள், கிராமத்துப் பெண். யாருடைய உடலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தொடலாம் என்று இந்தச் சமூகம் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருக்கிறதோ, அவளைத்தான் தலைப்பும் கூப்பிடுகிறது. டெல்டாக்காரர்களுக்கு இது புதிதல்ல. வரப்பில் குடைபிடித்து நின்று, நடவு வயலில் குனிந்து நிற்கும் சேரிப் பெண்ணைப் பார்த்த பண்ணையாரின் பார்வையை எதிர்த்துத்தான் எங்கள் பாட்டன் பாட்டிகள் செங்கொடி பிடித்தார்கள். அந்தப் பார்வையை இன்று தினம் ஒன்றரை ஜிபி டேட்டாவோடு நாமே சட்டைப்பையில் வைத்திருக்கிறோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு வீடியோவை வைத்து ஒரு பெண்ணை எப்படி மாதக்கணக்கில் மிரட்ட முடிகிறது? அது வெளியே வந்தால் குற்றவாளிக்கு அல்லவா பயம் வர வேண்டும்? வராது. வெளியே வந்தால் குடும்ப மானம் போய்விடும், சாதிசனத்தின் முகத்தில் முழிக்க முடியாது என்று பயப்படும்படி அவளை வளர்த்திருக்கிறோம். மிரட்டுகிறவன் அந்தப் பயத்தை வாடகையில்லாமல் பயன்படுத்திக்கொள்கிறான். 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர், அகமணத்தைக் காப்பாற்றத்தான் சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் எல்லாம் வந்தன என்று காட்டினார். பெண்ணுடலைப் பூட்டினால்தான் சாதி நிற்கும். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலைக் கற்பு என்ற சொல்லிலிருந்தே தொடங்கினார். பொள்ளாச்சிக் கும்பல் இதையெல்லாம் படித்திருக்காது. ஆனால் கற்பு என்பதன் சந்தை மதிப்பு அதற்குத் தெரிந்திருந்தது.

அரசுக்கும் இதில் பங்கு உண்டு. புகார் கொடுத்த பெண்ணின் அடையாளத்தைக் காவல்துறை அதிகாரியே வெளியிட்டார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அந்த விவரம் இருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்காக 25 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. புகார் கொடுத்தபின் அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார். பிறகு எப்படி மற்றவர்கள் முன்வருவார்கள்? 2025 ஜூலையில் ஒரு பெண் வழக்கறிஞர் தன் அந்தரங்க வீடியோ பல தளங்களில் பரவுவதை நீக்கக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 48 மணி நேரத்தில் நீக்க நடவடிக்கை எடுக்குமாறு ஒன்றிய அரசுக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆண் காவலர்கள் முன்னிலையில் அந்த வீடியோவை அவரிடம் காட்டி அடையாளம் கேட்டதையும் கண்டித்தது. சட்டம் படித்த பெண்ணுக்கே காவல் நிலையத்தில் இந்த நிலைமை.

சட்டம் ஓரளவு நகர்ந்திருக்கிறது. குழந்தைகளை வைத்து எடுத்தவற்றைத் தனியாகப் பார்ப்பது குற்றமல்ல என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. "குழந்தை ஆபாசப் படம்" என்ற சொல்லையே விட்டுவிட்டு, அதைச் சுரண்டல், வன்கொடுமைப் பதிவு என்று சொல்லச் சொன்னது. பாலியல் கல்வி மேற்கத்தியச் சரக்கு என்ற நினைப்பையும் மறுத்தது. வளர்ந்த பெண்களின் திருட்டு வீடியோக்களையும் ஆபாசம் என்று அழைப்பதை நாம் நிறுத்தலாம். ஆபாசம் என்றால் அவமானம் அவளுக்கு. வன்கொடுமைப் பதிவு என்றால் விசாரணை அவனுக்கு.

ஊருக்குப் போகும்போதெல்லாம் எங்கள் தெரு மாலை வகுப்பில் பாடம் எடுப்பேன். போன முறை சைபர் குற்றம் பற்றிப் பேசினேன். அந்தரங்கப் படம் பற்றிப் புகார் கொடுத்தால் குறித்த நேரத்துக்குள் அந்தத் தளம் நீக்கியாக வேண்டும், 2021 விதி அப்படிச் சொல்கிறது என்றேன். பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கை தூக்கினாள்.

"அண்ணா, மார்ஃப் பண்ணி போட்டுட்டா மொதல்ல வீட்ல சொல்லணுமா, ஸ்டேஷன்ல சொல்லணுமா?"

வீட்டில்தான் என்றேன், யோசிக்காமல்.

"வீட்ல சொன்னா போனப் புடுங்கிட்டு படிப்ப நிறுத்திடுவாங்கண்ணா" என்றாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் தலையாட்டினார்கள். பின்வரிசைப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்த வாரம் அவர்களுடைய அப்பா அம்மாக்களை வரச் சொல்லியிருக்கிறேன். பையன்களுக்குத் தனியாக இன்னொரு நாள்.