இல்லைன்னா அடுத்தது

இந்த வாரம் பத்தியாளரைக் கோபப்படுத்தியது ஒரு தாள். பிரவுசிங் சென்டரில் அச்சடித்த ஏ4 தாள். பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியல், மொத்தம் 12 வரி. கிண்டி பொறியியல் கல்லூரி, சிவில் என்பது ஒன்பதாவது வரியில் இருந்தது. அந்தப் பெண் எட்டாம் வகுப்பிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பது அது ஒன்றைத்தான்.

அவள் பத்தியாளரின் தம்பி மகள். போன வருடம் பாலாற்று மணல் பற்றி இங்கே எழுதியபோது, வறண்ட ஆற்றில் நின்றுகொண்டு, "இந்தப் பாலத்தோட தூண் கீழே எவ்வளவு ஆழம் போயிருக்கும் அத்தை?" என்று கேட்ட பெண் ஒருத்தி வந்தாளே, அவளேதான். பிளஸ் டூவில் கணிதம் 98, இயற்பியல் 96, வேதியியல் 95. கணிதத்தை முழுதாகவும் மற்ற இரண்டைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால் 200-க்கு 193.5. தெருவே வந்து வாழ்த்திவிட்டுப் போன மதிப்பெண்.

"சிவில் ஏன்டி ஒன்பதாவதா இருக்கு?"

"சென்டர் அண்ணன்தான் சொன்னார் அத்தை. கிடைக்குமா கிடைக்காதான்னு தெரியாததை மேல போட்டா அந்த சாய்ஸ் வேஸ்ட் ஆயிடுமாம். கண்டிப்பா கிடைக்கிறதை முதல்ல போட்டு சீட்டைப் பிடிச்சிடணுமாம்."

தம்பி பக்கத்தில் நின்று தலையாட்டினான். "அவர் வருஷா வருஷம் நூறு பிள்ளைங்களுக்குப் போட்டுத் தர்றார்க்கா."

தரவரிசைப் பட்டியல் வெளியான வாரம் இது. ஒரே கட்-ஆஃப் எடுத்தவர்களில் யார் முன்னால் நிற்பது, கணித மதிப்பெண்ணில் தொடங்கிப் பிறந்த தேதி வரைக்கும் சமமாக வந்துவிட்டால் சமவாய்ப்பு எண் எப்படித் தீர்த்துவைக்கிறது, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021 முதல் பொறியியலிலும் கிடைக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் யாரெல்லாம் வந்திருக்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்து வைத்தாகிவிட்டது. எழுத உட்கார்ந்ததும் அதைத்தான். ஆனால் நூறு பிள்ளைகள் என்று தம்பி சொன்ன பிறகு மனம் அதில் போகவில்லை. ஒரு கடையில் நூறு என்றால் மாநிலம் முழுக்க எத்தனை கடைகள்!

பழைய கலந்தாய்வை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தத் தவறு உடனே புரியும். 2018-ல் இணையத்துக்கு மாறும் முன்பு எல்லோரும் சென்னைக்கு வர வேண்டும். பத்தியாளர் தன் அக்கா மகனுக்குத் துணையாக அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு பகல் முழுக்கக் காத்திருந்திருக்கிறார். ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய அப்பாக்கள், மரத்தடியில் தூக்குவாளியைத் திறந்த அம்மாக்கள், கையில் கோப்போடு பேச்சே வராமல் நிற்கும் பிள்ளைகள். எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று திரையில் ஓடும். எண்கள் குறைந்துகொண்டே வரும். தரவரிசைப்படி கூப்பிடுவார்கள். உள்ளே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்து, இது இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இல்லை என்றால் அடுத்தது. அதுவும் இல்லை என்றால் அதற்கடுத்தது.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து கிண்டி சிவில் இருக்கிறதா என்று கேட்டதற்காக, கோவையில் இருக்கும் இடத்தை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. இல்லாததைக் கேட்டால் 'இல்லை' என்ற பதில் மட்டும்தான் வரும். தரவரிசையில் பின்னால் நிற்பவர், முன்னால் இருப்பவர் கேட்டு முடிக்கும்வரை உள்ளே வரவே முடியாது.

இன்றைய விருப்பப் பட்டியல் அந்த நாற்காலிக்குப் பதிலாக வந்தது. நமக்குப் பதிலாக உள்ளே போய் உட்காரும் ஆள் அது. மேலிருந்து கீழே வரிவரியாகக் கேட்டுக்கொண்டு போகும். பொதுப்பிரிவில் இருக்கிறதா, இல்லையென்றால் தன் பிரிவில் இருக்கிறதா, அதுவும் இல்லையென்றால் அடுத்த வரி. அந்த ஆளிடம் போய், 'எனக்கு ரொம்பப் பிடித்ததை ஒன்பதாவதாகக் கேள்' என்று சொல்லி அனுப்பினால் என்ன ஆகும்? முதல் எட்டில் ஒன்று கிடைத்த உடனே அவர் எழுந்து வந்துவிடுவார். ஒன்பதாவதைக் கேட்கவே மாட்டார். அந்த நேரத்தில் கிண்டியில் சிவில் காலியாகவே இருந்தாலும்!

வரிசைகள் பற்றி இந்தப் பத்தியில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். ரேஷன் கடை வரிசைக்கு மட்டுமே மூன்று வாரம் போனது. அப்போதெல்லாம் பெயர் மட்டும் சொல்லிக் கடந்துபோன ஒரு கட்டுரையைப் பற்றி இன்றைக்காவது முழுதாகச் சொல்ல வேண்டும்.

1960-ல் நியூயார்க்கர் இதழில் யேல் பல்கலைக்கழக மாணவர் சேர்க்கை பற்றி ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்கக் கல்லூரிகளின் தவிப்பு அதில் இருந்தது. ஒரு கல்லூரி ஆயிரம் பேருக்கு இடம் தந்தால் எத்தனை பேர் உண்மையில் வந்து சேர்வார்கள் என்று அதற்குத் தெரியாது. வேறு எங்கெல்லாம் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்பதும் தெரியாது. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கோ, கையில் இருப்பதை ஏற்பதா, வராததற்காகக் காத்திருப்பதா என்று தெரியாது. இதைப் படித்த டேவிட் கேல் என்ற கணிதப் பேராசிரியர், இதற்கு ஒழுங்கான ஒரு வழி இருக்குமா என்று தன் நண்பர்களுக்கு எழுதிக் கேட்டார். லாயிட் ஷேப்லி என்பவரிடமிருந்து விடை தபாலில் வந்து சேர்ந்தது. 1962-ல் இருவர் பெயரிலும் 'அமெரிக்கன் மேத்தமேட்டிகல் மந்த்லி' இதழில் அது அச்சானது. ஏழே பக்கம். சமன்பாடுகளின் காடு எதுவும் கிடையாது. பள்ளிப் பிள்ளையும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

அவர்கள் சொன்ன வழியை நம் ஊர்த் திண்ணையை வைத்துச் சொல்லிவிடலாம். ஒவ்வொரு மாணவரும் தனக்கு மிகப் பிடித்த கல்லூரியின் கதவை முதலில் தட்டுகிறார். கல்லூரி யாரையும் உடனே உள்ளே விடாது. இருக்கும் இடங்களின் அளவுக்கு, மதிப்பெண்ணில் முன்னால் நிற்பவர்களைத் திண்ணையில் உட்காரச் சொல்லும். மற்றவர்களை அனுப்பிவிடும். அவர்கள் தங்களுக்கு அடுத்துப் பிடித்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுவார்கள். அங்கே திண்ணையில் ஏற்கெனவே இருப்பவரைவிட இவருக்கு மதிப்பெண் கூட இருந்தால், அவர் எழுந்து இவருக்கு இடம் விட வேண்டும். எழுந்தவர் தன் அடுத்த வீட்டைத் தேடிப் போவார். இப்படியே நகர்ந்து நகர்ந்து, தட்டுவதற்கு இனி யாருக்கும் கதவு இல்லை என்ற நிலை வரும்போதுதான் வீடுகள் கதவைத் திறந்து திண்ணையில் இருப்பவர்களை உள்ளே அழைத்துக்கொள்ளும்.

இதில் பத்தியாளரின் மனத்தைப் பறித்த இடம் ஒன்று உண்டு. இரண்டாவதாகவோ பத்தாவதாகவோ வந்து தட்டியவரிடம் 'நீ ஏன் முதலில் இங்கே வரவில்லை' என்று எந்த வீடும் கேட்பதில்லை. முன்னாலேயே வந்து உட்கார்ந்தவருக்கு அதற்காகச் சலுகையும் இல்லை. எட்டாத உயரத்துக்கு ஆசைப்பட்டுப் பார்த்தவர் அதனால் எதையும் இழப்பதில்லை. மனத்தில் உள்ள வரிசையை அப்படியே சொல்வதுதான் மாணவருக்கு நல்லது, வேறெந்த சாமர்த்தியமும் அதைவிடக் கூடுதலாக எதையும் வாங்கித் தராது என்பதை 1980-களின் தொடக்கத்தில் கணிதமாகவே நிறுவினார்கள். லெஸ்டர் டூபின்ஸ், டேவிட் ஃப்ரீட்மன் என்ற இருவர் 1981-ல் எழுதினார்கள். ஆல்வின் ராத் 1982-ல் எழுதினார். இன்னொரு சுவையான செய்தியைக் கண்டுபிடித்ததும் ராத்தான். அமெரிக்காவில் இளம் மருத்துவர்களை மருத்துவமனைகளுக்கு அனுப்பும் அமைப்பு, கேலும் ஷேப்லியும் எழுதுவதற்குப் பத்தாண்டு முன்பிருந்தே ஏறக்குறைய இதே முறையில் நடந்துவந்திருக்கிறது. ஷேப்லிக்கும் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் 2008-லேயே காலமாகிவிட்டார். அந்தப் பரிசு அறிவிப்பில் அவர் பெயர் இல்லாதது இன்றும் மனத்தை அறுக்கிறது.

சென்டர் அண்ணன் சொன்னது உலகத்தில் எங்குமே பொருந்தாத பேச்சு என்று சொல்லிவிட முடியாது. பாஸ்டன் நகரத்து அரசுப் பள்ளிகளில் அது நூற்றுக்கு நூறு சரியாக இருந்தது. அங்கே முதலில், ஒரு பள்ளியை முதல் விருப்பமாகப் போட்ட பிள்ளைகளுக்கே அதன் இடங்களைக் கொடுத்து முடிப்பார்கள். மிச்சம் இருந்தால்தான் இரண்டாம் விருப்பமாகப் போட்டவர்களுக்கு. எல்லோரும் போட்டிபோடும் பள்ளியை முதலில் எழுதி அது கிடைக்காமல் போனால், இரண்டாவதாக எழுதிய நல்ல பள்ளியும் அதற்குள் நிரம்பிவிட்டிருக்கும். சாய்ஸ் நிஜமாகவே வீண். விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசி, எந்தப் பள்ளியை முதலில் போடுவது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கூட்டங்களுக்கு வராதவர்களின் பிள்ளைகள் தோற்றார்கள். ராத் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் இதை எடுத்துக்காட்ட, 2005-ல் பாஸ்டன் அந்த முறையைக் கைவிட்டுத் திண்ணை முறைக்கு வந்தது. சூது தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே விதி வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களுக்கு 2015 முதல் நடக்கும் கூட்டுக் கலந்தாய்வும் கேல்–ஷேப்லி வழியில் அமைந்ததுதான். நம் மாநிலக் கலந்தாய்வில் எல்லாக் கல்லூரிக்கும் தரவரிசை ஒன்றே என்பதால் கணக்கு இன்னும் எளிது. முதல் ரேங்கிலிருந்து ஒவ்வொருவராக அந்த நாற்காலியில் உட்காருகிறார்கள், அவ்வளவுதான். இங்கே சூது தேவையே இல்லை. தேவையில்லாத சூதைக் காசு வாங்கிக்கொண்டு கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் பத்தியாளரின் கோபம்.

தம்பியைக் குழப்பியதில் நியூ ஜெர்சியிலிருந்து பேசிய மச்சானுக்கும் பங்கு உண்டு. தன் மகனுக்கு 'மூணு ரீச், நாலு மேட்ச், ரெண்டு சேஃப்டி' என்று பட்டியல் போட்டதைச் சொல்லி, "இங்கேயும் அப்படி பேலன்ஸா போடுங்க மாமா" என்றிருக்கிறார். எட்டுமா என்று தெரியாதது, எட்டக்கூடியது, கட்டாயம் கிடைக்கக்கூடியது. அமெரிக்காவில் அந்தச் சமநிலை அவசியம். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிக் கட்டணம், பல கல்லூரிகளுக்குத் தனித்தனிக் கட்டுரை. காமன் ஆப் வழியாக 20 கல்லூரிகளுக்கு மேல் போகவும் முடியாது. மதிப்பெண் முழுதாக இருந்தாலும் ஒவ்வொரு கல்லூரியும் தன் போக்கில் முடிவெடுக்கும். 'எர்லி டெசிஷன்' என்று கையெழுத்திட்டால், இடம் கிடைத்ததும் சேர்ந்தே ஆக வேண்டும். கேலுக்குக் கேள்வி எழுப்பிய அதே தவிப்பு அங்கே இன்னும் தொடர்கிறது. நம் கலந்தாய்வில் ஒரு வரிக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டணம் இல்லை, எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம்.

ஆகவே இங்கே எச்சரிக்கை இருக்க வேண்டிய இடம் பட்டியலின் நீளம். வரிசை முழுக்க ஆசைக்குரியது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் நீளத்தில் ஏமாறுகிறார்கள். 198 வாங்கியவர் கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., பி.எஸ்.ஜி. என்று கணினி அறிவியலாக எட்டு வரி போட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார். எட்டும் போய்விட்டால் அந்தச் சுற்றில் ஒன்றும் இல்லை. அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் நல்ல இடங்களில் உட்கார்ந்த பிறகு, அடுத்த சுற்றில் மிச்சத்தைத் தேட வேண்டும்.

மேல்நோக்கிய நகர்வு என்ற வசதியும் வரிசையை நம்பியே இருக்கிறது. கிடைத்ததை ஏற்றுக்கொண்டு காத்திருந்தால், மேலே உள்ளவர்கள் சேராமல் விட்ட இடங்கள் நம்மை நோக்கி வரும். ஆனால் பட்டியலில் நமக்குக் கிடைத்ததற்கு மேலே எழுதியிருப்பவை மட்டும்தான் வரும். ஒன்பதாவது வரியில் இருக்கும் கிண்டி, மூன்றாவது வரி கிடைத்த பெண்ணைத் தேடி ஒருநாளும் வராது.

சிவிலா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கிண்டியின் வேர் 1794-ல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. அங்கே சிவில் படித்த பி.கே. த்ரேசியா, கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் பதவி வரை உயர்ந்தார். 1940-களில் அங்கே பட்டம் பெற்ற முதல் பெண்களில் அவரும் ஒருவர்.

புதன்கிழமை ராத்திரி தம்பி வீட்டுக் கூடத்தில் தாளைக் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்கள். முதல் கேள்வி அந்தப் பெண்ணிடம்: இரண்டு சீட்டு ஒரே நேரத்தில் கையில் வந்தால் எதை எடுப்பாய்? இரண்டிரண்டாக அதையே கேட்டுக் கேட்டு வரிசை அமைந்தது. கிண்டி சிவில். அடுத்து கோவை ஜி.சி.டி. சிவில். மதுரை தியாகராசர். சேலம், காரைக்குடி அரசுக் கல்லூரிகள். வேறு பாடமென்றால் மெக்கானிக்கல், அதுவும் அரசுக் கல்லூரி என்றால் மட்டும். விடுதி எங்கே நன்றாக இருக்கிறது என்று தம்பி மனைவி இரண்டு பேருக்குப் போன் போட்டார். தம்பி கடந்த வருடங்களின் கட்-ஆஃபைக் கையில் வைத்துக்கொண்டு, வரிசையைத் தொடாமல், அடியில் மட்டும் வரிகளைச் சேர்த்துக்கொண்டே போனான்.

இந்தப் பக்கம் அச்சுக்குப் போகும்போது பட்டியலில் 61 வரி. சாய்ஸ் பூட்ட நாளை மாலை வரை நேரம் இருக்கிறது. 44-வது வரியில் உள்ள கல்லூரிக்கு வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வர முடியுமா என்று அப்பாவும் மகளும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.