விடியற்கால வாந்தி

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,



என் தங்கை மகனுக்கு அப்போது ஏழு வயது. காலையில் எழுந்ததும் தலையைப் பிடித்துக்கொள்வான், வாந்தி எடுப்பான். எடுத்ததும் தெளிந்துவிடுவான். பள்ளிக்கூடம் போகாமலிருக்க நடிக்கிறான் என்றோம். பித்தம் என்றார் பாட்டி. ஒரு மருத்துவர் பூச்சி மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் கேஸ் என்றார், மூன்றாமவர் கண்ணாடி எழுதித் தந்தார். நடை தள்ளாடி வாசற்படியில் விழுந்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். சிறுமூளையில் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டி. அதற்குள் நான்கு மாதம் போயிருந்தது.

மூளையைச் சுற்றி ஓடும் நீரின் பாதையை இந்தக் கட்டி அடைக்கிறது. இரவெல்லாம் படுத்திருக்கையில் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அதனால்தான் விடியலில் தலைவலி. டார்ச் போன்ற கருவியால் விழிக்குள் பார்த்திருந்தால், பார்வை நரம்பின் வீக்கம் அன்றே தெரிந்திருக்கக்கூடும்.

யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. இது அரிய நோய். ஓர் ஊர் மருத்துவர் தம் வாழ்நாளில் ஒன்றிரண்டு பேரைத்தான் பார்த்திருப்பார். பார்த்திராததைச் சந்தேகிக்கக் கற்றுத்தருவது அரசால் முடியும்.

பிரிட்டனில் 2011இல் 'ஹெட்ஸ்மார்ட்' இயக்கம் தொடங்கியது. மூளைக்கட்டியின் அறிகுறிகளை வயதுவாரியாகச் சிறு அட்டையில் அச்சிட்டுப் பரப்பினார்கள். முதல் அறிகுறியிலிருந்து நோயைக் கண்டறிய அங்கே முன்பு 14 வாரங்களுக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. சில ஆண்டுகளில் அது 7 வாரங்களுக்கும் கீழே வந்தது.

நம்மிடம் கைதேர்ந்தவர்களுக்குக் குறைவில்லை. இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது வேலூரில். அடுத்த ஆண்டே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். அந்த அறுவை மேசைக்குக் குழந்தை வந்துசேரும் வழிதான் நீளமாக இருக்கிறது.

எனவே மூன்று வேண்டுகோள்கள்.

ஒன்று: பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் செல்லும் மருத்துவக் குழுவினர் கையிலும், ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அப்படியோர் அறிகுறி அட்டை தமிழில் இருக்கட்டும். விடியற்காலத் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம், திடீர் மாறுகண் என்று நான்கு வரி போதும்.

இரண்டு: இந்த அறிகுறிகள் தொடரும் குழந்தைக்கு அந்த வாரத்திலேயே ஸ்கேன் கிடைக்கட்டும்.

மூன்று: அறுவையில் எடுத்த திசு கட்டாயம் மரபணுப் பரிசோதனைக்குப் போகட்டும், செலவை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஏற்கட்டும். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற ஒரே பெயருக்குள் நான்கு வகைக் கட்டிகள் இருக்கின்றன. டபிள்யூஎன்டி வகைக் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். மூன்றாம் குழு என்னும் வகையில் பலர் பிழைப்பதில்லை. நுண்ணோக்கி மட்டும் இதைப் பிரித்துச் சொல்லிவிடாது. எவ்வளவு கதிர்வீச்சு, எவ்வளவு கீமோ கொடுப்பது என்று முடிவெடுக்க வகை தெரிந்தாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடும் இதையே கேட்கிறது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் எல்லாக் குழந்தையும் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கட்டியின் குணம் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அழுத்தத்தில் நாளுக்கு நாள் கருகும் பார்வை நரம்பைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது.

எங்கள் பையன் பிழைத்துக்கொண்டான். இப்போது பன்னிரண்டு வயது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தும் கரும்பலகை அவனுக்குத் தெரிவதில்லை. பக்கத்துப் பையன் வாசித்துச் சொல்கிறான். அந்த நான்கு மாதம் இன்னொரு குழந்தைக்குப் போய்விடக் கூடாது, ஐயா.

நம்பிக்கையுடன்,
ஒரு பெரியம்மா