சவானா பூனை: காடு எங்கே முடிகிறது?

கைத்தொலைபேசியில் ஒரு காணொளி. நீண்ட கால்கள், பெரிய காதுகள், பொன்னிற உடலில் கரும்புள்ளிகள். சிறுத்தைக் குட்டி போன்ற ஒன்று ஒரே தாவலில் குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஏறி நிற்கிறது. நானும் விருப்பக்குறி இட்டேன். பிறகுதான் அந்தப் பூனையின் கதையைத் தேடினேன்.

1986 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சேர்வல் எனும் ஆபிரிக்கக் காட்டுப் பூனைக்கும் சியாமீஸ் வீட்டுப் பூனைக்கும் பிறந்த குட்டியுடன் தொடங்கியது சவானா இனம். சேர்வல், எழுந்து பறக்கும் பறவையைத் தாவிப் பிடிக்கும் வேட்டை விலங்கு. அதன் தோற்றம்தான் இங்கே விற்பனைப் பொருள்.

சட்டங்கள் இதில் தடுமாறுகின்றன. பிரித்தானியாவில் முதல் தலைமுறைச் சவானாவை வளர்க்க அனுமதிப்பத்திரம் வேண்டும். இரண்டாம் தலைமுறைக்குத் தேவையில்லை. நியூயோர்க் மாநிலம் ஐந்தாம் தலைமுறையிலிருந்து அனுமதிக்கிறது. நியூயோர்க் நகரமோ எதையும் அனுமதிப்பதில்லை. காடு எந்தத் தலைமுறையில் முடிகிறது என்பதற்கு ஒரே பதில் இல்லை.

அவுஸ்திரேலியா வேறு கேள்வியைக் கேட்டது: தப்பியோடினால் என்ன ஆகும்? 2008 இல் அப்போதைய சுற்றாடல் அமைச்சர் பீற்றர் கரெட் சவானாவின் இறக்குமதியைத் தடைசெய்தார். ஐரோப்பியக் குடியேறிகளுடன் வந்த வீட்டுப் பூனைகளின் வழித்தோன்றல்கள் இன்று அங்கே காடுகளிலும் பாலைநிலங்களிலும் திரிகின்றன. மழையைப் பொறுத்து அவற்றின் எண்ணிக்கை 2.1 மில்லியனுக்கும் 6.3 மில்லியனுக்கும் இடையில் என மதிப்பிடப்படுகிறது. பல சிறு பாலூட்டிகள் அழிந்துபோனதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. அந்தக் கூட்டத்தில் பெரிய உடலும் உயரத் தாவும் ஆற்றலும் கலந்தால், இதுவரை தப்பிப் பிழைத்த உயிரினங்களும் இரையாகலாம்.

வளர்ப்பவர்கள் இதனை மிகையான அச்சம் என்கிறார்கள். ஆரம்பத் தலைமுறை ஆண் பூனைகள் மலடானவை, சவானாக்கள் வீட்டுக்குள் வளர்பவை என்பது அவர்களின் வாதம். ஆனால் பெண் பூனைகள் குட்டி போடும். பூட்டிய கதவும் ஒருநாள் திறந்து கிடக்கும். காட்டுக்குள் போனதை மீட்க முடியாது என்பதால், அந்தத் தடை சரியானதென்றே நான் கருதுகிறேன்.

பாதிப்பு பூனைக்கும் உண்டு. சேர்வலின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 74 நாட்கள். வீட்டுப் பூனையினது 65 நாட்கள். அதனால் முதல் தலைமுறைக் குட்டிகள் குறைமாதத்தில் பிறக்கும் அபாயம் அதிகம். புதிய முதல் தலைமுறை வேண்டுமென்றால், எங்கோ ஒரு சேர்வல் கூண்டில் இருந்தாக வேண்டும்.

காணொளியில் அந்தக் கூண்டு இல்லை. தாவல் மட்டுமே இருக்கிறது. நாம் இடும் ஒவ்வொரு விருப்பக்குறியும் அந்தக் கூண்டுக்கான கேள்வியைக் கூட்டுகிறது. நான் இட்டதும் சேர்த்துத்தான்.