பரணில் கிடக்கும் லேப்டாப்பும் நம் முதல்தான்!



விற்காத சரக்கும் வராத பாக்கியும் முடங்கிய முதல் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருடக் கணக்கு முடிக்கும்போது கிட்டங்கியில் கிடக்கும் வெறும் சாக்கைக்கூட எண்ணி இருப்பில் எழுதுகிறோம். ஆனால் வீட்டுப் பரணில் துணி சுற்றிக் கிடக்கும் பழைய லேப்டாப்பை எந்த இருப்பிலும் நாம் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவ மாணவியருக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனத்தின் மூலம் வாங்கி, பல லட்சம் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். மம்சாபுரத்திலும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் அந்த லேப்டாப் நுழையாத தெரு இருக்காது. பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப் மட்டும் "ரொம்ப மெதுவாக இருக்கிறது" என்று பரணுக்குப் போய்விட்டது.

இந்த நிலையில் கடைக்குப் பில் போடவும், ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கல் செய்யவும் புதுக் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லிப் பலர் வருகிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. எனவே "எல்லாவற்றையும் தூக்கிப் போடுங்கள்" என்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். முதலில் பழையதன் அடிமூடியைக் கழற்றிப் பார்ப்போம்.

மெதுவாவது ஏன்?

நம் கடைக் கணக்கிலேயே சொல்கிறேன். ராம் என்பது நாம் சாமான் கட்டும் மேஜை. ஹார்ட் டிஸ்க் என்பது கிட்டங்கி. மேஜை சிறியதானால் ஒவ்வொரு சாமானுக்கும் கிட்டங்கிக்கு ஓட வேண்டும். அரசு ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்புகளில் ராம் 2 ஜி.பி. தான், இன்றைய வேலைக்கு அது போதாது. ஹார்ட் டிஸ்க்கோ உள்ளே தட்டு சுழன்று வேலை செய்வது. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. என்ற சுழலாத டிஸ்க்கைப் போட்டால், கிட்டங்கியை மேஜைக்குப் பின்னாலேயே கொண்டு வந்ததுபோல் வேகம் கூடும். 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும். இந்த இரண்டையும் மாற்றினாலே பல பழைய லேப்டாப்புகள் பில் போடும் வேலைக்கு வந்துவிடும்.

வீட்டிலேயே செய்யலாமா?

செய்யலாம். சிறிய திருப்புளியும் பொறுமையும் போதும். முதலில் உள்ளே இருக்கும் படங்களையும் கணக்குகளையும் வேறு இடத்தில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு லேப்டாப்பை அணைத்து, சார்ஜர் வயரை எடுத்து, பேட்டரியைக் கழற்றுங்கள். பேட்டரி உள்ளே இருக்கும் மாடலானால், மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக அதன் இணைப்பைப் பிரிக்க வேண்டும். கழற்றும் ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் அல்ல. ஒரு காகிதத்தில் படம் வரைந்து, எது எந்த ஓட்டையிலிருந்து வந்ததோ அந்த இடத்தில் வையுங்கள். ராமில் டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 என்று வகை உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. ஆகவே பழையதைக் கையோடு எடுத்துப் போய்க் கடையில் காட்டி வாங்குங்கள்.

மளிகைக் கடைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மிளகாய்த் தூளும் மாவும் பறக்கும் இடத்தில் லேப்டாப்பின் விசிறி சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். சூடு ஏறினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மூடியைத் திறக்கும்போதே மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். லேப்டாப்பை அரிசி மூட்டை மேல் வைக்காதீர்கள். அடியிலுள்ள காற்றுத் துவாரம் மூடிப் போகும்.

விசைப்பலகை போய்விட்டதா? தனி விசைப்பலகையைச் சொருகலாம். திரை போய்விட்டதா? வீட்டு டி.வி.யையோ பழைய மானிட்டரையோ இணைக்கலாம். பேட்டரி அரை மணி நேரம் தாங்கினாலும் லாபம்தான். கரண்ட் போனால் பாதிப் பில்லில் கணக்கு அழியாது.

தொடக்கூடாதவை

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சார்ஜரைப் பிரிக்க வேண்டாம். போர்டில் பற்ற வைக்கும் வேலையெல்லாம் மெக்கானிக்குக்கு உரியது. உத்தரவாதக் காலம் முடியாத லேப்டாப்பை நாமாகத் திறக்கவும் வேண்டாம்.

விண்டோஸ் ஏறவில்லையென்றால் லினக்ஸ் இருக்கிறது, விலை இல்லை. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ், அரசு கொடுத்த லேப்டாப்புகளிலேயே விண்டோஸுடன் சேர்ந்து வந்தது. நாம்தான் திறந்து பார்க்கவில்லை. ஆனால் டாலி போன்ற கணக்கு மென்பொருள்கள் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டவை. எனவே உங்கள் கணக்கு மென்பொருளும் பில் பிரிண்டரும் லினக்ஸில் ஓடுமா என்று கேட்டுவிட்டு மாற்றுங்கள். எதில் ஓட்டினாலும் கணக்கின் நகல் ஒன்று கடையிலும் ஒன்று வீட்டிலும் இருக்கட்டும்.

"நமக்கு எதற்கு இந்த வேலை, செல்போன் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். பணம் வாங்கச் செல்போன் போதும். முந்நூறு சாமான்களின் இருப்பைப் பார்க்கவும், மாதக் கணக்கைச் சரிபார்க்கவும் பெரிய திரை வேண்டும்.

கேட்டு வாங்குவோம்

புதியது வாங்கத்தான் வேண்டுமென்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் ராம், டிஸ்க், பேட்டரி மாற்ற முடியுமா?" இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமைப் போர்டிலேயே பற்ற வைத்துவிடுகிறார்கள். பிரான்ஸ் நாட்டில் 2021 முதல் லேப்டாப்பைப் பழுதுபார்ப்பது எளிதா கடினமா என்று மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்பது சட்டம். நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. காசு கொடுத்து வாங்கிய பொருள் எப்போது ஒழிய வேண்டும் என்பதை வாங்கியவர் தீர்மானிக்க வேண்டும், செய்தவர் அல்ல. தராசுக்கும் அரவை இயந்திரத்துக்கும் நாம் வைத்திருக்கும் நியாயம் இதற்கும் பொருந்தும்.

உதிரிபாகங்களை நம் ஊர்க் கடைகளிலேயே வாங்குங்கள். ஆன்லைன் வியாபாரம் நம் வயிற்றில் அடிக்கிறது என்று பேசிவிட்டு, நாமே ஆன்லைனில் வாங்குவது முறையாகாது.

நம் சங்கமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்து, உறுப்பினர்கள் பழைய லேப்டாப்புகளைக் கொண்டு வந்து திறந்து பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். தேறாதவற்றையும் செத்த பேட்டரிகளையும் ஓரிடத்தில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். பழைய லேப்டாப்புகளைப் பொறுத்தவரை, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் சொல்லும் வழியும் அதுவே.

இந்த வருட இருப்பு எடுக்கும்போது பரணையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்!