ஐந்து பேர் போதும், எந்த ஐந்து பேர்?

நம்மில் பலருக்குப் பழகிப்போன தொல்லை இது. ஓர் அகப்பக்கத்தில் படிவம் நிரப்புகிறோம். “அடையாள அட்டையில் உள்ளபடி முழுப் பெயரை எழுதுக” என்கிறது. அட்டையில் பெயருக்கு நடுவே ஏ/எல் அல்லது ஏ/பி இருக்கிறது. அந்தச் சாய்கோட்டைத் தட்டியதும் கட்டம் சிவந்து, செல்லாத எழுத்து என்று சொல்லிவிடுகிறது. சாய்கோட்டை எடுத்துவிட்டால், பெயர் அட்டையோடு ஒத்துப்போகவில்லை என்று அடுத்த பக்கம் திருப்பி அனுப்புகிறது. சில படிவங்கள் குடும்பப் பெயரையும் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பாவின் பெயரைப் போட்டுவிட்டு, பிறகு அப்பாவை விளித்து நமக்கு வரும் மின்னஞ்சலைப் பார்த்துச் சிரித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தப் படிவத்தைச் செய்தவர் சோம்பேறி என்று நான் சொல்ல மாட்டேன். தன் பெயரையும் பக்கத்து மேசை நண்பரின் பெயரையும் போட்டுப் பார்த்திருப்பார். இரண்டும் ஒழுங்காகப் போயிருக்கும். சாய்கோட்டுப் பெயர்க்காரர் ஒருவரை அருகில் உட்கார வைத்து, “நீங்கள் பதிந்து பாருங்கள்” என்று கேட்டிருந்தால் பத்தே நிமிடத்தில் விஷயம் தெரிந்திருக்கும். இப்படி உட்கார வைத்துப் பார்ப்பதற்குத்தான் பயனர் சோதனை என்று பெயர்.

இதையே இயங்கலைச் சேவையாக நடத்தலாம் என்ற பேச்சு இப்போது கணினித்துறை மாணவர்களிடையே அடிக்கடி காதில் விழுகிறது. யோசனை எளிமையானது. அகப்பக்கத்தின் உரிமையாளர் நம்மிடம் வருகிறார். நாம் ஆட்களைத் தேடித் தருகிறோம். “ஐந்தாம் படிவக் கணித வகுப்புக்கு உங்கள் பிள்ளையைப் பதியுங்கள், மாதக் கட்டணம் எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள்” என்பதுபோல் ஒரு வேலையை அவர்களிடம் கொடுக்கிறோம். அவர்கள் வீட்டிலிருந்தபடியே தங்கள் கைப்பேசியில் அதைச் செய்கிறார்கள். செய்யும்போது மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திரையும் குரலும் பதிவாகின்றன. அமெரிக்காவில் 2007இல் தொடங்கிய யூசர்டெஸ்டிங் என்ற நிறுவனம் இதைத்தான் செய்கிறது. ஏறத்தாழ 20 நிமிடச் சோதனை ஒன்றுக்குச் சோதிப்பவருக்கு 10 டாலர் தருவது அங்கு வழக்கம். 2022இல் அந்த நிறுவனத்தை 130 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் ஆனது. ஆக, இது விளையாட்டு வேலை அல்ல.

தொடங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் தொடங்குவோர் எல்லாரும் மேற்கோள் காட்டும் ஒரு கணக்கைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். பயன்பாட்டியல் வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை அது. ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களைக் காட்டிக்கொடுத்துவிடுகிறார். ஐந்து பேர் முடிப்பதற்குள் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிவந்துவிடும். எனவே ஐந்து பேர் போதும் என்றார். பதினைந்து பேருக்குச் செலவழிக்கப் பணம் இருந்தால், ஒரே தடவையில் செலவிடாமல் ஐந்து ஐந்து பேராக மூன்று முறை சோதித்து, இடையில் திருத்துங்கள் என்பதும் அவர் சொன்னதே. இதுவரை எல்லாருக்கும் தெரியும். பயனர்கள் வெவ்வேறு வகையினராக இருந்தால் ஒவ்வொரு வகையிலிருந்தும் தனியாக ஆட்கள் வேண்டும் என்று அதே கட்டுரையில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. ஒரே விடுதியில் தங்கியிருக்கும் ஐந்து மாணவர்களைக் கொண்டு சோதித்தால் ஒரு மாணவரை ஐந்து முறை சோதித்ததற்குச் சமம்.

ஜொகூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. வெளிநாட்டு வாகனங்களுக்கான விஇபி நுழைவு அனுமதி நினைவிருக்கும். சிங்கப்பூரிலிருந்து தரைவழியாக வரும் வாகனங்களுக்கு 2024 அக்டோபர் 1 முதல் அது தேவை என்று அந்த ஆண்டு மே மாதம் போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. பதிவு இயங்கலையில்தான். அடுத்த சில மாதங்கள் செய்திகளில் என்ன வந்தது? பதிவு நடைமுறை குழப்புகிறது, உறுதிச் செய்தி வரத் தாமதமாகிறது என்ற புகார்கள். டாங்கா பே அலுவலகத்தில் நீண்ட வரிசை. பணம் வாங்கிக்கொண்டு பதிந்து தரும் முகவர்கள் வேறு முளைத்தார்கள். அகப்பக்கம் கடினமாக இருந்தால் அதன் வாசலிலேயே ஒரு முகவர் கடை போட்டுவிடுவார் என்பது நம் ஊர்ப் பொருளாதாரம்! அனுமதி இல்லாதவர்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் 2025 ஜூலையில்தான் முழு வேகத்தில் நடைமுறைக்கு வந்தது. இந்தப் பக்கத்தைப் பயன்படுத்துவோர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். எனவே இதற்குச் சோதிப்பவர்களாகக் கோலாலம்பூரில் ஐந்து பேரை உட்கார வைத்துப் பயனில்லை. உட்லண்ட்ஸில் கார் வைத்திருக்கும் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வேண்டும்.

பாடு என்ற முதன்மைத் தரவுத்தளத்தின் கதை இன்னும் சுருக்கமானது. 2024 ஜனவரி 2ஆம் தேதி தொடங்கப்பட்டது. ஒருவரின் அடையாள அட்டை எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அவர் பெயரில் வேறொருவர் பதிந்துவிட முடிகிறது என்று முன்னாள் துணை அமைச்சர் ஓங் கியான் மிங் உடனே பொதுவில் சுட்டிக்காட்டினார். திருத்தமும் விரைவில் வந்தது. இது பாதுகாப்புப் பிரச்சினை, பயன்பாட்டுப் பிரச்சினை அல்ல என்று சிலர் பிரித்துப் பேசுவார்கள். பிரிக்கலாம். ஆனாலும் வெளியாள் ஒருவர் முதல் நாளில் கண்டுபிடித்ததை, தொடங்கும் முன்பே ஒரு வெளியாளைக் கூப்பிட்டுக் கண்டுபிடித்திருக்கலாம் அல்லவா?

நம் மொழிக்கு வருவோம். பாடப்பணிக்காக நாங்கள் நான்கு மாணவர்கள் ஒரு டியூஷன் மையத்தின் பதிவுப் பக்கத்தை மாதிரியாகச் செய்து, மாசாய், ஸ்கூடாய் பகுதிகளில் சிலரைக் கொண்டு சோதித்தோம். மலாயில் ‘டஃப்தார்’ என்றால் பதிவு, ‘டஃப்தார் மாசுக்’ என்றால் உள்நுழைவு. பள்ளியில் மலாய் படித்த நமக்கு வேறுபாடு உடனே தெரியும். தோழியின் பாட்டிக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் சொல்லைப் பார்த்ததும் கையை வைத்துவிட்டார். சரி, தமிழ்ப் பக்கத்துக்கு மாற்றினோம். பொத்தானில் ‘உள்நுழைக’ என்று இருந்தது. “யாரு வீட்டுக்குள்ள நுழையணும்?” என்று கேட்டார். ‘ஏற்கெனவே பதிந்தவர்கள் இங்கே’ என்று எழுதியதும் கேள்வி எழவில்லை. அது நீளமான சொற்றொடர் என்பதால் பொத்தான் இரண்டு வரிக்கு ஓடியது. ஓடட்டும், வடிவமைப்பாளர்தான் பொத்தானைப் பெரிதாக்க வேண்டும். கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும் பழைய கைப்பேசிகளையும் அன்று பார்த்தோம். விடுதி அறையில் யாரிடமும் அப்படி ஒரு கைப்பேசி இல்லை.

பெரிய சோதனைச் சேவைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுவோரையும் கணினியும் ஒலிவாங்கியும் வைத்திருப்போரையும் நம்பி நடக்கின்றன. நாம் தொடங்கும் சேவைக்கு அவர்களோடு போட்டி போட வலு இல்லை. ஆனால் அவர்களிடம் இல்லாத ஆட்களை நமக்குத் தெரியும். கூலாயில் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் மாமாவும், குளுவாங்கில் மளிகைக் கடை நடத்தும் அத்தையும், தமிழும் மலாயும் கலந்து பேசும் மூன்றாம் படிவ மாணவனும் நம் புலனக் குழுவில்தான் இருக்கிறார்கள். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள். அர்ச்சனைக்கு இயங்கலையில் பதியச் சொல்லும் கோயில்கள், துணிக்கடைகள், டியூஷன் மையங்கள் எத்தனையோ. இவர்களில் யாராவது தங்கள் பக்கத்தைப் பயனரைக் கொண்டு சோதித்துப் பார்த்திருப்பார்களா? முதல் வாடிக்கையாளர் அங்கேதான் இருக்கிறார்.

தொடங்க நினைப்பவர் செய்யக் கூடாத முதல் வேலை, சேவைக்காக ஓர் அழகான அகப்பக்கம் கட்டுவது. அது ஆறு மாதத்தை விழுங்கிவிடும். ஒரு கூகள் படிவம், திரையைப் பகிரும் காணொளி அழைப்பு, ஒரு கணக்குத்தாள் போதும். ஒரு கடை, ஐந்து பேர், இரண்டு பக்க அறிக்கை. கடைக்காரர் அறிக்கையைப் பார்த்து உண்மையிலேயே எதையாவது மாற்றினால், அடுத்த கடைக்குப் போய்ப் பணம் கேளுங்கள். அப்போது எஸ்எஸ்எம்மில் பதிந்தால் போதும். 18 வயது ஆனவர் வர்த்தகப் பெயரில் பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட்.

சோதிப்பவருக்கும் பணம் கொடுங்கள், அது பாட்டியாக இருந்தாலும். இலவசமாக வந்தவர் நம்மைச் சங்கடப்படுத்த விரும்பமாட்டார். “எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நமக்கு வேண்டியது அந்தப் பதில் அல்ல. பக்கத்தைச் செய்தவன் நான்தான் என்று சொல்லாமல் இருப்பதும் உதவும்.

பகுதி நேர வருமானத்துக்காகச் சோதிப்பவராகச் சேர நினைக்கும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒன்று. டெலிகிராமில் வரும் ‘அகப்பக்கத்தைச் சோதி, நாளுக்கு 200 ரிங்கிட்’ வகை அழைப்புகள் பெரும்பாலும் மோசடி. உண்மையான சேவை உங்களிடம் முன்பணம் கேட்காது, வங்கிக் கடவுச்சொல்லும் கேட்காது. பெரும்பாலும் 18 வயதுக்குக் குறைந்தவரைச் சேர்க்கவும் செய்யாது. சேர்ந்தாலும் வாரம் முழுவதும் வேலை வரும் என்று எண்ண வேண்டாம். தகுதிக் கேள்விகளிலேயே பாதி வாய்ப்புகள் நழுவிவிடும்.

சேவை நடத்துவோருக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். திரையைப் பதிவு செய்யும்போது மேலே புலனச் செய்தி ஒன்று எட்டிப் பார்க்கும். மருத்துவமனைத் தேதியோ கடன் பாக்கியோ அதில் இருக்கலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நமக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. பதிவு தொடங்கும் முன் அறிவிப்புகளை அணைக்கச் சொல்லுங்கள். அடையாள அட்டை எண் கேட்கும் இடத்தில் தட்ட ஒரு பொய் எண்ணை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பதிவை யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழிப்போம் என்பதையும் சொல்லுங்கள். அந்த ஒப்புதல் தாள் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், பாட்டி கையெழுத்துப் போடுவார், படித்திருக்கமாட்டார்.